ஓதம் காயாமல் மாப் போடாதீர்கள்!

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், மழைக்காலத்தில் வீட்டில் படும் பாட்டை எழுதி அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி பூசணத்தைப் பற்றி, மீதி தும்மலைப் பற்றி. புதுச்சேரியிலும் கடலூரிலுமாகப் பதினான்கு வருடம் வீடு சுத்தம் செய்யும் ஆட்களோடு நானும் மாப் பிடித்து அலைந்தவள் என்பதால் இந்த முறை பதில் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அக்கா, தீபாவளிக்கு முன்னால் நானும் என் மாமியாரும் நாலு நாள் முதுகு ஒடிய வீட்டைச் சுத்தம் செய்தோம். இப்போது மார்கழியில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. கட்டிலுக்கு அடியில் ஒரு நாற்றம் வேறு. பொங்கலுக்குள் கம்பெனி ஆட்களை வரவழைத்து மொத்தமாக முடித்துவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சொன்னால் உங்கள் மாமியார் அடிக்க வருவார், ஆனாலும் சொல்கிறேன். நம் கடற்கரைக்குத் தீபாவளிச் சுத்தம் பாதிச் சுத்தம்தான். ஐப்பசியில் நாம் துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்து காயப்போடும்போது வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கிறது. அப்புறம் இரண்டு மாதம் வீடு ஈரத்தில் ஊறுகிறது. அந்தக் காலத்தில் போகிக்கு வெள்ளை அடித்தார்களே, அது பண்டிகை அலங்காரம் மட்டும் இல்லை. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நேரம் அது, சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் பிழைக்காது.

அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். போகிக்கு முன்னால் நீங்களே செய்ய வேண்டியது வீட்டைக் காயவைப்பதும் வேண்டாததைக் கழிப்பதும். ஆட்களைத் தை இரண்டாவது வாரத்துக்குக் கூப்பிடுங்கள். டிசம்பரோடு மழை முடிந்தது என்று நம்ம ஊரில் யாரும் சத்தியம் செய்ய முடியாது. தானே புயல் கரையைக் கடந்ததே 2011 டிசம்பர் 30-ந் தேதிதான், கடலூர்க்காரருக்கு அதை நினைவுபடுத்த வேண்டுமா என்ன.

காயவைப்பது என்றால் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுக் கடைக்குப் போவது இல்லை. மார்கழியில் காலை ஒன்பது வரை வெளியே பனி. அப்போது திறந்தால் ஈரத்தை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. பத்து மணிக்குத் திறந்து, ஃபேனைப் போட்டு, பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி வைத்து, வெயில் சாய்வதற்குள் மூடிவிடுங்கள். காற்றின் ஈரத்தை அளக்கும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. அதில் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் எந்தக் கம்பெனி வந்து துடைத்தாலும் பூசணம் திரும்பி வரும்.

அடுத்து, அந்தச் சுவருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் காய்ந்தது போலத் தெரியும் இடமாகப் பார்த்து, ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து கசிகிறது என்று அர்த்தம், பிளம்பரையோ கொத்தனாரையோ கூப்பிட வேண்டிய வேலை அது. வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறையின் காற்றுதான் ஈரம். பீரோவுக்குப் பின்னால் காற்றே போகாத இடத்தில் அது படிந்திருக்கிறது. எனக்கு அனுபவத்தில் தெரிந்தவரை பீரோப் பூசணத்தில் பெரும்பாலானது இந்த இரண்டாவது ரகம்.

துடைக்கும்போது காய்ந்த துடைப்பத்தால் தட்டவே கூடாது. தட்டினால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறந்து இன்னும் நாலு சுவரில் போய் உட்காரும். என்95 முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, பிறகு தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, அன்றைக்கே ஃபேன் வைத்துக் காயவைக்க வேண்டும். இடம் மூணுக்கு மூணு அடிக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். சுவர் முழுக்கப் பரவியிருந்தால் ஆளிடம் விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறைப் பக்கமே வர வேண்டாம்.

கேள்வி: இரண்டு பெட்ரூம் வீடு. மூன்று கம்பெனியிடம் விசாரித்தேன், மூன்று பேரும் மூன்று விலை சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புவது?
– வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: விலையை விட்டுவிடுங்கள், முதலில் அவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். “எத்தனை சதுர அடி?” என்று மட்டும் கேட்டவரை ஒதுக்கிவிடலாம். “தரை மொசைக்கா, டைல்ஸா, கிரானைட்டா? மழையில் தண்ணீர் உள்ளே வந்ததா? வீட்டில் யாருக்காவது இளைப்பு இருக்கிறதா?” என்று கேட்டவருக்குத் தொழில் தெரியும். உங்கள் பகுதியில் மழைக்குத் தெருவே குளமாகிவிடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதைக்கூடக் கேட்காமல் விலை சொல்கிறவர் வீட்டைப் பார்க்காமல் கல்யாணம் பேசுகிற தரகர் மாதிரி.

தரையைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கையாலேயே ஒரு வீட்டைக் கெடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு, கூடத்தில் அழகான மொசைக் தரை. வீட்டுக்காரம்மா “கறை போகவே மாட்டேங்குது, ஆசிட் வாஷ் பண்ணிடுங்க” என்றார், நானும் சரி என்று தலையாட்டினேன். ஊற்றியதும் சுர்ரென்று வெள்ளையாக நுரை பொங்கியது. அழுக்குதான் கரைகிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். கழுவி விட்டுக் காய்ந்த பிறகு காலை வைத்தால் உப்புத்தாளில் நடக்கிற மாதிரி சொரசொரப்பு. மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லும் சிமெண்டும், இரண்டையுமே ஆசிட் அரிக்கும். நுரைத்தது அழுக்கு இல்லை, தரை. மறுபடி பாலிஷ் போட்டுக் கொடுத்து அந்த வருட லாபத்தைக் கழித்தேன். ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்ஸைடு தரை, மார்பிள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கம்பெனிக்காரர் பையிலிருந்து ஆசிட் பாட்டிலை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். எழுதி வாங்குங்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம், பரண் மேல் இருக்கும் சாமான் யார் இறக்குவது, ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல் கொசுவலை, ஏசி இவையெல்லாம் சேர்த்தா தனியா, ஜிஎஸ்டி 18 சதவீதம் உள்ளேயா வெளியேயா. சண்டை வருவதெல்லாம் பரணிலும் கொசுவலையிலும்தான். அப்புறம் வேலை ஆரம்பிக்கும்போது நீங்கள் வீட்டில் இருங்கள். முதலில் ஃபேன், பரண், மேல்சுவர், அப்புறம் ஜன்னல், கடைசியாகத் தரை என்று மேலிருந்து கீழே வர வேண்டும். வந்ததும் வாளியை நிரப்பித் தரையில் ஊற்றுகிறவர்கள் உங்களுக்குப் பளபளப்பைக் காட்டிவிட்டு நாலு மணிக்குக் கிளம்புகிற கோஷ்டி.

முக்கியமான ஒன்று. மாப்பைப் பிழியாமல் போட்டுத் தரையெல்லாம் தண்ணீர் நிற்க விட்டுப் போனால், மழையில் ஊறிய வீட்டை இன்னொரு தடவை ஊறவைத்ததாகிவிடும். காலையில் வந்து, இரண்டு மணிக்குள் ஈர வேலையை முடித்து, மிச்ச நேரம் ஃபேன் ஓடிக் காய வேண்டும். மாலையில் வருகிறோம் என்று சொல்கிறவர்களை இந்த மாதத்தில் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: பாத்ரூம் சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் வெளுக்கும் என்று வேலைக்கு வருகிற அம்மா சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறதே, அந்தப் போரில் 1915-ல் எதிரிப் பதுங்குகுழிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். கதவைச் சாத்திக்கொண்ட நாலடிக்கு ஆறடி பாத்ரூமில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடும் பிளீச்சிங்கைச் சேர்க்கக் கூடாது. அந்த அம்மாவிடம் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள், மூச்சு முட்டப்போவது முதலில் அவருக்குத்தான்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மழை முடிந்த பிறகு காலையில் எழுந்தால் வரிசையாகப் பத்து தும்மல், கண் அரிப்பு. டாக்டர் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. பூந்தாதுதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மழை பெய்தால் தூசி, தாது எல்லாம் அடங்கிவிட வேண்டும்தானே? வீட்டைச் சுத்தம் செய்தால் சரியாகுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கண்ணுக்கு அழகாகப் பூக்கிற செம்பருத்தியும் அரளியும் தாதைப் பூச்சிகளிடம் கொடுத்து அனுப்புகிறவை. அவற்றின் தாது கனம், பிசுபிசுப்பு, காற்றில் அவ்வளவாகப் பறக்காது. தொந்தரவு தருவது, பூத்ததே நமக்குத் தெரியாமல் காற்றில் தாதைக் கொட்டுகிற சவுக்கும் மழைக்குப் பிறகு மதமதவென்று வளர்கிற புல்லும். சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் பூச்சியை நம்பிப் பூப்பவைதான், ஆனால் அலர்ஜிப் பட்டியலில் இரண்டுக்கும் இடம் உண்டு. நம் கடற்கரையில் இவை நாலுக்கும் பஞ்சமே இல்லை.

மழை பெய்தால் அடங்கும் என்பது பாதி உண்மை. நின்று நிதானமாகப் பெய்கிற மழை காற்றைக் கழுவிவிடும். இடி மழை அப்படி இல்லை, ஈரத்தில் தாது உப்பி வெடித்து, மூக்கில் தங்காமல் நேரே நுரையீரல்வரை போகிற அளவுக்குப் பொடியாகிவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று மாலை இப்படி ஒரு இடிமழைக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே காரணம் ஒரு வகைப் புல்லின் தாது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இடி இடிக்க ஆரம்பித்ததும் பையனின் அறை ஜன்னலை மூடுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் தும்மல் என்கிறீர்கள். அப்படியானால் சவுக்கைவிட அவனுடைய தலையணை மேல்தான் எனக்குக் கண். தூசிப் பேன் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன், நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தையில் வாழ்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. நம் ஊரில் மழைக்காலம் முடியும்போது அதன் குடும்பம் பெருத்திருக்கும். அது கடிப்பதில்லை, அதன் எச்சம்தான் மூக்கை அரிக்கிறது.

தலையணை உறையும் படுக்கை விரிப்பும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைத்தால் பேன் சாகும், குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் நீச்சல் அடித்துவிட்டுத் திரும்பி வரும். மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் அடுப்பில் காய வைத்த தண்ணீரில் முக்கி வையுங்கள். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். தட்டும்போது பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம். துணி பொம்மைகளில் அவனுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் விட்டு மற்றதைப் பெட்டியில் போடுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கினால் தும்மல் நிற்கிறதோ இல்லையோ அழுகை ஆரம்பித்துவிடும். விரிப்பைத் தோப்புப் பக்கம் காயப்போடாமல் வேறு பக்கம் போடுங்கள். விளையாடிவிட்டு வந்ததும் குளித்து உடுப்பை மாற்றட்டும், தலைமுடியில் ஒட்டிய தாது தலையணைக்குப் போகாது.

ஆட்களை வைத்தால் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் கொண்டு வரச் சொல்லுங்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகளையே 99.97 சதவீதம் பிடிப்பது அது. பூந்தாது பத்து மைக்ரானுக்கு மேல், பூசணத்தூள் இரண்டு மூன்று மைக்ரானிலிருந்து, ஆகவே இரண்டும் சிக்கிவிடும். சாதா வேக்குவம் முன்னால் இழுத்துப் பின்னால் விடும். ஏசி இருந்தால் வடிகட்டியைக் கழட்டிக் கழுவுவதோடு நிறுத்தாமல், டார்ச் அடித்து உள்ளே சுழலும் உருளையைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூசணம், வாட்டர் சர்வீஸ் செய்தே ஆக வேண்டும். அணைப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே காயும். சாம்பிராணி போட்டால் கிருமி போகும் என்று யாராவது சொல்லுவார்கள். இளைப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் புகையும் வேண்டாம், கொசுவர்த்தியும் வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை வீடு சுத்தமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிறாள். பிரசவத்துக்காக மார்ச்சில் போகிறேன். அங்கே ஓயாமல் மழை, வசந்தம் வந்தால் பூந்தாது, அதற்கென்றே ஆட்கள் வந்து வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள், நிறைய பணம் ஆகிறது என்கிறாள். நானே செய்துவிடலாம் என்று பார்க்கிறேன்.
– வாசகி, வில்லியனூர்

பதில்: முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன், மகளிடம் சொல்லிச் சிரியுங்கள். சியாட்டிலில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை 1,000 மில்லிமீட்டருக்குள்தான், நம் புதுச்சேரியில் சுமார் 1,300. வித்தியாசம் என்னவென்றால் அங்கே வருடத்தில் ஏறக்குறைய 150 நாள் தூறிக்கொண்டே இருக்கும், இங்கே வானம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் மட்டும் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டர், சியாட்டிலின் ஆறு மாத மழைக்குச் சமம்.

அந்தத் தூறலில் வீட்டுக்கூரையில் பாசி படரும், மர வீடுகள் என்பதால் உள்ளே ஈரம் தங்கும். குளிருக்குப் பயந்து ஐந்து மாதம் ஜன்னலைத் திறக்காமல் சமைத்துக் குளித்து இருந்திருப்பார்கள். பிப்ரவரியிலேயே ஆல்டர் மரம் தாது கொட்ட ஆரம்பிக்கும், ஏப்ரலில் பிர்ச், அப்புறம் மே, ஜூனில் புல். ஆக நீங்கள் போய் இறங்குவது நடு சீசனில்.

உள்ளே நீங்கள் செய்யலாம். ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில் மஞ்சள் பொடியாகப் படிந்திருக்கும், ஈரத்துணியால் எடுங்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். ஹீட்டருக்குள் ஒரு ஃபில்டர் இருக்கும், அதைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், மெர்வ் 13 என்று போட்ட வகை தாதைப் பிடிக்கும், ஆனால் அவர்கள் மெஷின் அதைத் தாங்குமா என்று மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். கார்ப்பெட்டை ஈரமாகக் கழுவும் வேலையையும், கூரைப் பாசியையும், மழைநீர்க் குழாயில் அடைத்த இலையையும் ஆட்களிடமே விட்டுவிடுங்கள். அந்தக் கூரை ஓட்டில் பிரஷர் தண்ணீர் அடித்தால் மேலே ஒட்டியிருக்கும் மணல் பூச்சு உதிர்ந்து கூரையின் ஆயுசு குறையும், அதையும் சொல்லி வையுங்கள். நீங்கள் போவது பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட, கூரை ஏற இல்லை.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கீழ்ச்சுவர் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. பெயிண்டர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் பத்து வருடத்துக்குத் தொல்லை இல்லை என்கிறார்.
– வாசகர், வைசியாள் வீதி, புதுச்சேரி

பதில்: அவர் சொல்கிறபடி செய்தால் தொல்லை இரண்டடியிலிருந்து நாலடிக்கு ஏறும். உங்கள் சுவர் மூச்சு விடுகிற சுவர். தரைக்கடியில் இருக்கும் ஈரத்தைச் செங்கல் திரி மாதிரி உறிஞ்சி மேலே இழுக்கும், காரை வழியாக அது காற்றில் போய்விடும், கூட வந்த உப்பு மட்டும் வெளியே நின்றுவிடும். அதுதான் நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பூ. மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் சிமெண்டும் போட்டு அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் உயரே போய் வழி தேடும்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பூசணத்துக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இது. காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே பேப்பர் விரித்து, விழுந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள். கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பே அடியுங்கள். முடிந்தால் ஒருமுறை வாசலில் நின்று பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, உங்கள் வீட்டுத் தரை இப்போது தெருவைவிடக் கீழே இருக்கிறதா? அப்படியென்றால் மழைத்தண்ணீர் சுவரோடு ஒட்டி நிற்கிறது, அதைத் திருப்பிவிட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுவது எந்தப் பெயிண்டையும்விட மேல். பழைய வீடுகளைப் பராமரிப்பது பற்றி விவரம் தெரிந்தவர்கள், பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கும் அமைப்பான இன்டாக்கின் புதுச்சேரி அலுவலகத்தில் இருக்கிறார்கள், கொத்துவதற்கு முன்னால் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

கேள்வி: சாத்தனூர் அணை திறந்தபோது தென்பெண்ணை வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. அப்போது அவசரமாகக் கழுவி விட்டு மெத்தை, சோபா எல்லாவற்றையும் காயவைத்து வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் மழை வந்தால் நாற்றம் போகவில்லை. இனி வெள்ளம் வந்தால் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்க வேண்டும்?
– வாசகி, கடலூர் அருகே

பதில்: ஆற்று வெள்ளம் மழைத்தண்ணீர் இல்லை அம்மா, வழியில் இருக்கிற சாக்கடை, கக்கூஸ் தொட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருவது. அதில் ஊறிய ஃபோம் மெத்தை, சோபா, தலையணை எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. மனசு கேட்காது, தெரியும். இலவம்பஞ்சு மெத்தையும் அந்தத் தண்ணீரில் ஊறியிருந்தால் அதே கதிதான், வெறும் ஓதம் ஏறியதென்றால் பிரித்து வெயிலில் உலர்த்தி, பஞ்சடித்துத் தைத்துவிடலாம். பிளைவுட் அலமாரி உப்பிவிட்டால் கழித்துவிடுங்கள். தேக்கு, பலா மரச் சாமான், பாத்திரம், மர நாற்காலி பிழைக்கும். இப்போதும் நாற்றம் என்றால் அந்தச் சோபாவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

வெள்ளம் வடிந்தபின் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாததில் பூசணம் பிடித்துவிடும். சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளுங்கள், காய்ந்தால் சிமெண்ட். மின்சாரத்தை எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் போடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிய பின், 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது தெளிந்த தண்ணீருக்கான கணக்கு. ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கக்கூஸ் தொட்டி நிரம்பிவிட்டது என்று யாரையாவது உள்ளே இறக்காதீர்கள். 2013-ம் வருடச் சட்டப்படி அது குற்றம். குற்றம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, உள்ளே இருக்கும் வாயுவில் இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே சாகிறார்கள். லாரி வைத்து உறிஞ்சி எடுக்கட்டும். மூடியே கிடந்த குடிதண்ணீர் சம்ப்பிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: ஊறிய ஃபோம் மெத்தையைப் போகியில் போட்டுக் கொளுத்திவிடலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம். எரியும் ஃபோமிலிருந்து வருவது விஷப்புகை. அந்தத் தெருவில் எத்தனை குழந்தை தும்முகிறதோ. நகராட்சிக் குப்பை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்துப் போவார்கள்.

கேள்வி: என் அம்மா ஆறு பிள்ளை பெற்று, ஓட்டு வீட்டைத் தனியாளாகச் சுத்தம் செய்தாள். இப்போது என் மனைவி ஆள் வைக்க வேண்டும் என்கிறாள். இது வெட்டிச் செலவு இல்லையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் அம்மா தனியாளாகச் செய்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் ஐயா? ஆறு பிள்ளைகளும் அவருக்கு உதவியிருந்தால் அது ஏழு பேர் கொண்ட டீம், நான் அனுப்பும் கோஷ்டியைவிடப் பெரிது. உதவவில்லை என்றால் அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். ஓட்டு வீட்டில் காற்று ஓட்டின் இடுக்கு வழியாகப் போய்வந்துகொண்டிருக்கும், ஈரம் தங்காது. இப்போது கான்கிரீட், அலுமினிய ஜன்னல், அட்டாச்டு பாத்ரூம், மரம் மாதிரி பிளைவுட். வேலை வேறு வகை. செலவு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பரணும் மேல்சுவரும் மட்டும் ஆளிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஜன்னல் கொசுவலையைக் கழட்டிக் கழுவுங்கள். எட்டு ஜன்னலுக்கு அரை நாள் ஆகும்.

கேள்வி: பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்தால் நமத்த வாசனை. ஒரு புடவையில் ஜரிகை கறுத்திருக்கிறது. பாச்சா உருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன்.
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: பாச்சா உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை. ஜரிகையில் நேராகப் பட்டால் அதுவே கறுக்கவும் செய்யும், பழைய மல் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். மழை விட்டு நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, வெயிலில் இல்லாமல் நிழலில், மொட்டை மாடிக் கொடியில் இல்லாமல் கூடத்திலேயே கயிறு கட்டி இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். பெட்டியையும் திறந்தபடி கவிழ்த்து வையுங்கள், நாற்றம் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். அட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக் கவரையும் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளைக் காட்டன் துணியில் சுற்றி, பழைய மடிப்பில் மடிக்காமல் மடிப்பை மாற்றி வையுங்கள். கறுத்த ஜரிகையைத் தேய்க்காதீர்கள், வாங்கிய கடையிலேயே ஒருமுறை காட்டுங்கள்.